மூளைக்கு எந்த இன்சுலின்? மூக்கு வழியா, ஊசி வழியா?

டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு வயதாக ஆக ஞாபக மறதி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதற்கு இன்சுலினை மூக்கில் அடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களின் மனதில், அப்படியே ஊசியையும் விட்டுவிடலாம் என்ற ஆசை இருக்கிறது. அது நடக்காது. மூக்கில் அடிக்கிற இன்சுலின் வாசனை நரம்பை ஒட்டி மூளைக்குப் போகிறது, ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம், அதனால் லோ சுகர் பயம் இல்லை, ஆனால் சாப்பிட்டபின் ஏறுகிற சர்க்கரையையும் அது இறக்காது.

சரி, ஊசி மூளைக்கு ஏதாவது செய்கிறதா? 12,537 பேரை ஆறு வருடத்துக்கு மேல் கவனித்த ஒரிஜின் ஆய்வில், கிளார்ஜின் என்ற இன்சுலின் ஊசி போட்டவர்களின் நினைவாற்றலுக்கும் போடாதவர்களுடையதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கெடுதலும் இல்லை, அதுவே எனக்கு நிம்மதி.

மூக்கு வழியில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. பாஸ்டனில் வேரா நோவாக் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2014-ல் வெளியிட்ட சிறு ஆய்வில், 40 யூனிட் ஒரே ஒரு தடவை அடித்ததற்கே, பார்த்த வடிவங்களை நினைவில் வைக்கும் திறன் கூடியது. மூளையின் முன்பகுதி ரத்தக்குழாய்கள் நன்றாக விரியக்கூடியவர்களுக்கு பலன் அதிகம். அப்புறம் அதே 40 யூனிட்டை 24 வாரம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள், 2022-ல் முடிவு வந்தது. சர்க்கரை உள்ளவர்களின் நடை வேகமானது. சொற்களை நினைவில் வைக்கும் திறன் கூடியதோ, சர்க்கரை இல்லாதவர்களுக்கு! நடையும் மூளையின் வேலைதான், வயதானவர் விழாமல் நடப்பது பெரிய விஷயம் என்பதால் அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன், ஆனால் மறதிக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று சொல்லவும் மாட்டேன்.

வாரம் ஒரு முறை போடும் டுலாகுளூடைடு என்ற சர்க்கரை ஊசியையும் (இது இன்சுலின் அல்ல) இங்கே சேர்க்க வேண்டும். 9,901 பேரிடம் நடந்த ரீவைண்ட் ஆய்வின் துணை அலசலில், அறிவாற்றல் சரியும் அபாயம் சுமார் 14 சதவீதம் குறைந்தது. மறதியை முதன்மையாக வைத்து நடந்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் இது சர்க்கரையையும் இறக்குகிறது, மருந்துக்கடையிலும் கிடைக்கிறது என்பதால், இன்று டாக்டரிடம் கேட்க வேண்டுமென்றால் நான் இதைப் பற்றித்தான் கேட்பேன்.

தயவுசெய்து ஊசிக்கான இன்சுலினை சாதாரண மூக்கு ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி முயலாதீர்கள். மருந்து மூக்கின் உச்சிவரை ஏற வேண்டும். அல்சைமர் தொடக்கத்தில் இருந்தவர்களிடம் 289 பேரை வைத்து நடந்த அமெரிக்க மூக்கு இன்சுலின் ஆய்வில், அதற்கென்றே செய்த கருவியே பழுதாகி, பாதியில் வேறு கருவிக்கு மாற வேண்டியதாயிற்று.