ஓர்ட்லீப் பக்-ரோலர் கிளாசிக்: ஒரு வாரச் சைக்கிள் பயணத்துக்கு இந்தச் சோடி போதுமா?

சைக்கிளின் பின்புறக் கரியரில் இரு பக்கமும் கொழுவும் பைகளில், ஜேர்மனியின் ஓர்ட்லீப் நிறுவனம் தயாரிக்கும் பக்-ரோலர் கிளாசிக் ஐரோப்பியச் சைக்கிள் பாதைகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது. சோடியாகவே விற்கப்படும் இப்பைகளின் மொத்தக் கொள்ளளவு 40 லீற்றர், எடை ஏறத்தாழ 1.9 கிலோகிராம். சுவிற்சர்லாந்தில் வசிக்கும் மச்சானுடன் ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளையும் தொட்டுச் செல்லும் கொன்ஸ்ரன்ஸ் ஏரிச் சுற்றுப்பாதையில், ஏறத்தாழ 260 கிலோமீற்றரை ஒரு வாரம் ஆறுதலாக ஓடி முடித்தபோது, என் உடைமைகள் அனைத்தும் இந்தச் சோடிக்குள்தான் இருந்தன. மட்டக்களப்பிலிருந்து புறப்படும் ஒருவருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை மட்டும் இங்கு பார்க்கிறேன்.

கொழுவும் பொறிமுறையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் பையின் விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் எண்ணம். கைப்பிடியைத் தூக்கினால் மேற்கொழுக்கிகள் திறக்கும். கரியர்க் கம்பியில் வைத்துக் கையை விட்டால் தாமாகவே பூட்டிக்கொள்ளும். 16 மில்லிமீற்றர் வரை தடித்த கம்பிகளை அவை பிடிக்கும். மெல்லிய கம்பிகளுக்கென உள்ளே பொருத்தும் சிறிய பிளாஸ்ரிக் துண்டுகளும் பையுடனேயே வருகின்றன. அங்கு வாடகைக்கு எடுக்கும் சைக்கிளின் கரியர் எத்தகையது என்பதை முன்கூட்டி அறிய முடியாதாகையால், அந்தத் துண்டுகளை வீட்டில் விட்டுச் செல்லக் கூடாது. மிதிக்கும்போது குதிகால் பையில் தட்டுமானால், கொழுக்கிகளைத் தளர்த்திப் பையைச் சற்றுப் பின்னே நகர்த்தலாம்.

இந்த நிறுவனம் 1982இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் மழையில் நனைந்தபடி சைக்கிளோடிய அதன் நிறுவனர், லொறிகளை மூடியிருந்த தறப்பாளைக் கண்டு அதே துணியில் பை தைக்கத் தொடங்கினார் என்பது அவர்கள் சொல்லும் தோற்றக் கதை. இப்போது ஊசித் துளையே இல்லாதவாறு விளிம்புகளை உருக்கி ஒட்டுகிறார்கள். வாயைச் சுருட்டிப் பட்டியால் இறுக்கும் அமைப்பாதலால் பிரதான வாயில் சிப்பும் இல்லை. ஐபி 64 என்ற தரக் குறியீடு, தூசி நுழையாது, எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரும் உட்புகாது என்பதைக் குறிக்கிறதேயன்றி, நீரில் அமிழ்த்தலாம் என்பதை அல்ல. கார்த்திகை மழையில் கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வரை ஓடிப் பார்த்தபோது உள்ளே ஒரு துளி ஈரமும் இருக்கவில்லை. வெள்ளம் வீதியை மூடியிருக்கும் இடத்தில் இதை நம்பி இறங்குவது வேறு விடயம்.

ஆனால் வெளிநீரை உள்ளே விடாத பை, உள்ளீரத்தையும் வெளியே விடாது. மாலையில் துவைத்த பெனியன் அரைகுறையாகக் காய்ந்த நிலையில் உள்ளே போனால், அடுத்த நாள் முழுப் பையும் ஊத்தை நாற்றம் நாறும். ஆகவே வலப்பையை உலர்ந்தவற்றுக்கும் இடப்பையை ஈரமானவை, அழுக்கானவை, கருவிகள் ஆகியவற்றுக்கும் ஒதுக்கி, அந்த எல்லையை ஒரு நாளும் மீறாதிருப்பதே இந்தப் பைக்குரிய அடுக்குமுறை.

உடைகளில் எம்மவர் தடுமாறுவது குளிர் விடயத்தில்தான். புரட்டாதியில் அந்த ஏரிக்கரையின் காலை வெப்பநிலை 10 பாகை அளவுக்கு இறங்கக்கூடும் என்று கேட்டதும், வெளிநாட்டு உறவினர் விட்டுச் சென்ற பஞ்சு அடைத்த தடித்த ஜக்கெற்றைத்தான் முதலில் தேடுவோம். அது ஒன்றே ஒரு பையின் பாதியை விழுங்கிவிடும். ஏற்றம் ஒன்றில் மிதிக்கத் தொடங்கியதும் வியர்வையில் நனைந்தும் போகும். மாறாக, உடலோடு ஒட்டிய மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, அதன்மேல் பொலியெஸ்ரர் சட்டை, அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் அங்கி என்று அணிந்தால், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டி வைக்கலாம். பருத்திச் சட்டை எமது வெக்கைக்கு உகந்தது. அங்கோ அது இரவுக்குள் காய்வதில்லை. மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை இரண்டு போதும், அதனுள் வேறு உள்ளாடை அணிவதில்லை. விரல் மூடிய கையுறையும் வேண்டும். பருத்திக்கு நான் அளிக்கும் ஒரே விலக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரம்: உடை மாற்ற மறைப்பாகவும், இரவு உடையாகவும், போர்வையாகவும் அது பயன்பட்டதால் தனியாக வேறு எதையும் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு நாளுக்குரிய உடையையும் உருட்டித் தனித்தனிச் சொப்பின் பையில் இட்டால், பையைக் கிளறும் வேலை இல்லை. இதன் வெளியே பொக்கற் கிடையாதாகையால், மழை அங்கி எப்போதும் மேலேயே இருக்க வேண்டும். உதிரி ரியூப், ஒட்டுச் சாமான், காற்றடிக்கும் பம்ப், பல்வகைச் சாவி ஆகிய பாரமானவை இடப்பையின் அடியில், சக்கரத்தை ஒட்டி இருக்கட்டும். வீட்டார் அன்போடு கட்டித் தரும் கருவாட்டுப் பொட்டலத்தை எக்காரணம் கொண்டும் இதற்குள் வைக்காதீர்கள். இந்தப் பூச்சுத் துணியில் ஏறிய வாசம் சவர்க்காரத்துக்கும் அசையாது. இறைச்சி, பாற்பொருட்களை எமது நாட்டிலிருந்து அங்கு கொண்டுசெல்லத் தடை இருப்பதால், எருமைத் தயிரைப் பற்றிப் பேச்சே இல்லை.

விமானத்தில் கொழுக்கிகள் உடையக்கூடும். இரு பைகளையும் கொழுக்கிகள் உட்புறம் பார்க்குமாறு சேர்த்துக் கட்டி, வெறும் உரப்பை ஒன்றினுள் இட்டுத் தைத்து அனுப்பினேன். பத்திரமாகப் போய் வந்தன. சைக்கிள் திருத்தும் சாவிகள் அந்தப் பொதியிலும், பவர் பாங்க் கைப்பையிலும் செல்ல வேண்டும். பவர் பாங்க் 100 வாற்மணிக்கு (Wh) உட்பட்டதாக இருந்தால் வழமையாகக் கேள்வி எழாது.

விலை, இங்கு புதிதாக வாங்கும் சாதாரண சைக்கிளொன்றின் விலையோடு போட்டியிடும். ஐந்து ஆண்டு உத்தரவாதம் இருந்தாலும் அதைப் பயன்படுத்தப் பையை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவை எண்ணிப் பார்க்க வேண்டும். குளிரும் மழையும் கலந்த நாடுகளில் பயணம் செய்ய எண்ணுபவர், அங்கிருந்து வரும் உறவினர் மூலம் தயங்காமல் வாங்கலாம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஓடித் திரும்புவது மட்டுமே நோக்கமாயின், முச்சக்கரவண்டிக்கு ஹூட் தைக்கும் கடையில் அதே தறப்பாளைக் கொடுத்து ஒரு சோடி தைப்பித்து, தையல் வழியே கசியும் நீருக்காக உள்ளே தடித்த பொலித்தீன் உறை ஒன்றைச் செருகிக்கொண்டால் போதும்.