கும்பகோணத்திலிருந்து ஒரு மாதம்: ஓட்டுநரோடு எடுத்த வாடகைக் காரைப் பற்றி

தை மாதத்தின் இரண்டாம் வாரம் தொடங்கி மாசி நடுப்பகுதி வரை, கும்பகோணத்தில் ஒரு சிறிய வீட்டை மாத வாடகைக்கு எடுத்துத் தங்கிக்கொண்டு, நானும் என் அக்காவும் காவிரிப் படுகையைச் சுற்றிப் பார்த்தோம். இருவரும் பள்ளி ஆசிரியைகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அக்காவுக்கு முழங்கால் வலி இருப்பதால் பேருந்து மாறி மாறி ஏறுவது இயலாது. எனவே நகரத்திலுள்ள ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில் ஓட்டுநரோடு ஒரு வண்டியை ஒரு மாதத்துக்குப் பேசி எடுத்தோம். அந்தச் சேவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் எடுத்துக்காட்டும் குறைகளில் பெரும்பாலானவை வாடகை போடும் முறையிலேயே உள்ளவை என்பதால், எந்த நிறுவனத்தில் வண்டி எடுப்பவருக்கும் இவை பொருந்தும்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு இது: நாளொன்றுக்கு 8 மணி நேரம், 80 கிலோமீட்டர், வாடகை 2,400 ரூபாய்; அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு 14 ரூபாய்; நேரம் கூடினால் மணிக்கு 150 ரூபாய்; ஓட்டுநர் பேட்டா தனியாக 400 ரூபாய். மாதத்தில் 20 நாட்கள் வண்டி எடுப்பதாகச் சொன்னதால் நாள் வாடகையில் 200 ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் பார்க்கும்போது இது நியாயமாகவே தெரிந்தது. ஆனால் முதல் வாரத்திலேயே, கிலோமீட்டரை அடிப்படையாகக் கொண்ட இந்தக் கணக்கு நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஏற்றதே தவிரப் படுகைக்கு ஏற்றதல்ல என்பது புரிந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து தாராசுரம் கூப்பிடு தூரம். சுவாமிமலையும் நாச்சியார்கோயிலும் திருபுவனமும் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிடும். ஒரு நாள் முழுவதும் சுற்றினாலும் எங்கள் வண்டி ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அதே நாளில் நேரமோ பத்து மணி, பதினொரு மணி என்று நீண்டுவிடும். ஏனென்றால் பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறப்பதற்கு நான்கு மணியாகும். இடைப்பட்ட நேரத்தில் வண்டி புளியமரத்தடியில் நிற்கும்; மீட்டர் மட்டும் நிற்காது.

முதல் வாரம் எங்களுக்கு வந்த ஓட்டுநர் வெளி மாவட்டத்துக்காரர், இளைஞர். பணிவாகப் பேசினார், வண்டியைத் துப்புரவாக வைத்திருந்தார். ஆனால் கைபேசி வரைபடம் காட்டிய வழியிலேயே போனார். திருவாரூர் போகும் வழியில் அது ஒரு குறுக்குப் பாதையைக் காட்ட, அவர் வாய்க்கால் கரையோரத்து ஒற்றைத் தடத்தில் இறங்கிவிட்டார். எதிரே அறுவடை இயந்திரம் வந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அறுப்புக்கு நின்ற சம்பா வயல்; ஒதுங்குவதற்கு இடமே இல்லை. முக்கால் மணி நேரம் பின்னோக்கியே வந்து தார்ச் சாலையைப் பிடித்தோம். அன்றைக்கே இன்னொரு ஊரில், சாலையின் பாதியில் காய்ந்துகொண்டிருந்த நெல்லின் ஓரத்தில் சக்கரம் ஏறிவிட்டது. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாள் கோபித்துக்கொண்டதில் தவறேதும் இல்லை. நாங்கள் இறங்கி மன்னிப்புக் கேட்டோம். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே பொது விதி. பனி கொட்டும் தை மாதத்தில், போதிய உலர்களம் இல்லாத ஊரில், தார்ச் சாலைதான் விவசாயிக்குக் களம். படுகையில் வண்டி ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டிய முதற்பாடம் இது.

மறுநாள் காலை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொன்னோம். மறுப்பு ஏதும் சொல்லாமல், மாலைக்குள் வேறு ஓட்டுநரை அமர்த்தினார்கள். இந்தச் சேவையில் நான் மனமாரப் பாராட்டும் முதல் விஷயம் இதுதான். இரண்டாவதாக வந்தவர் பாபநாசம் பக்கத்துக்காரர், சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் உள்ளவர். வந்த முதல் நாளே எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: “ஏம்மா பகல்ல வெய்யில்ல அலையிறீங்க? காலையில ஆறு மணிக்குக் கெளம்புனா நடை சாத்துறதுக்குள்ள ரெண்டு கோயில நிதானமாப் பாத்துடலாம். மத்தியானம் வீட்டுல படுத்து எந்திரிங்க, நாலு மணிக்கு நான் வந்துடுறேன்.” அலுவலகத்தில் அவரே பேசி, ஒரு நாளைக் காலை ஐந்தரை மணி நேரம், மாலை நான்கு மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்து, நடுவிலுள்ள நேரத்துக்கு வாடகை இல்லாமல் செய்து கொடுத்தார். நாள் கணக்கில் மணி நேரம் சற்றுக் கூடியதற்கு 150 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். நண்பகலில் அவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுத்து வந்தார். படுகையில் கார் எடுக்கும் எவரும் இந்த ஏற்பாட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த விளம்பரப் பலகையிலும் இது இருக்காது. கேட்டால் மட்டுமே கிடைக்கும்.

அதன்பின் எங்கள் மாதமே மாறிவிட்டது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு மட்டும் மூன்று காலைகள் போனோம். இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில் அது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், நாயன்மார்களின் வரலாறுகள் கையகலச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சுற்றுலா வண்டிகள் கொடுக்கும் அரை மணி நேரத்தில் அவற்றில் பத்தைக்கூடப் பார்க்க முடியாது. தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பெயரைக் கண்டுபிடித்துப் பார்ப்பதற்கு அக்காவுக்கு மூன்று நாட்களும் வேண்டியிருந்தன. ஓட்டுநர் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

சுவாமிமலையிலும் அப்படியே. கடைத்தெருவில் காட்சிக்கூடங்களின் முன் நிறுத்தாமல், வார்ப்பு நடக்கும் பட்டறை ஒன்றில் எந்த நாளில் உலோகம் ஊற்றுகிறார்கள் என்று முன்னதாகவே விசாரித்து அழைத்துப் போனார். மெழுகில் உருவத்தை முழுமையாகச் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, உண்டான வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் கூட்டை உடைத்த பிறகுதான் வார்ப்பு சரியாக விழுந்ததா என்பது தெரியும். ஒரு கூட்டில் ஒரு சிலைதான். மிக நுண்ணிய கோடுகளையும் பதித்துக்கொள்ளும் அந்த வண்டலுக்காகவே இந்தத் தொழில் இவ்வாற்றங்கரையில் நிலைத்திருக்கிறது என்று பட்டறையில் இருந்த பெரியவர் சொன்னார். வாங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்குதல் அங்கே இல்லை. ஓட்டுநருக்குக் கடைகளில் கமிஷன் இருக்குமோ என்று நான் முதலில் ஐயப்பட்டது உண்மை. மாதம் முழுவதும் அதற்கான அறிகுறி ஒன்றையும் நான் காணவில்லை. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வாங்க விரும்பியபோதும், தண்டு, தட்டு, அன்னம் எனத் தனித்தனியாக வார்த்துக் கடைந்து திருகிச் சேர்க்கும் பட்டறைகளைக் காட்டிவிட்டு, வாங்குவதை எங்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்.

நீண்ட பயணங்கள் மூன்று. கல்லணைக்குச் சுவாமிமலை, கபிஸ்தலம், திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வழியாக, பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே போனோம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரியும் இடத்தில் நின்று பார்க்கும்போதுதான், பிறகு ஊர் ஊராகக் கடக்கும் ஒவ்வொரு மதகுக்கும் பொருள் விளங்குகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். நாங்கள் போனபோது பாசனத்துக்கு விடும் தண்ணீர் நின்று, ஆறுகளில் மணல் திட்டுகள் தெரியத் தொடங்கியிருந்தன. திரும்பும் வழியில் திருவையாற்றில் வாங்கிய அசோகா என்னும் இனிப்பு, வீடு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது.

தரங்கம்பாடிப் பயணத்தைக் குறித்து ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: வெள்ளிக்கிழமையில் போகாதீர்கள். 1620-இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையின் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. எங்கள் முதல் ஓட்டுநருக்கு அது தெரியாததால் ஒரு நாள் வீணாயிற்று. இரண்டாம் முறை ஞாயிறன்று போய்ப் பார்த்தோம். கடல் அரித்ததுபோக எஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலை மாலை வெளிச்சத்தில் பார்த்தது அந்த வீண் அலைச்சலை மறக்கச் செய்தது.

மூன்றாவது கோடியக்கரை. போய் வர 220 கிலோமீட்டருக்கு மேல் ஆவதால், அன்று மட்டும் கிலோமீட்டர் கணக்கு முழுமையாகப் பொருந்தியது. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்தை அடைந்தபோது உப்பளங்களில் வேலை தொடங்கிவிட்டிருந்தது. 1930-இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த அகத்தியம்பள்ளி நினைவுத்தூண் சாலையோரத்திலேயே இருக்கிறது; பலர் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். சரணாலயத்தில் புல்வெளி திறக்கும் இடத்தில் வெளிமான் கூட்டம் ஒன்று நின்றது. முறுக்கிய கொம்புகளோடு கருத்த முதுகுடைய ஆண்மான் ஒன்று எங்களைப் பார்த்தபடியே இருக்க, ஓட்டுநர் யாரும் சொல்லாமலே இயந்திரத்தை அணைத்தார். உப்பளத்துக்கு அப்பால் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தொலைவில் வெண்கோடாகத் தெரிந்தன. நல்ல தொலைநோக்கி இல்லாமல் போவது பிழை. இந்த ஒரு நாளுக்கு அந்தச் சிறிய கார் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்சாலைகளில் ஆட்டம் அதிகம். அக்காவுக்கு இரண்டு நாள் முதுகு வலித்தது. நீண்ட பயணத்துக்கு மட்டும் பெரிய வண்டியாக மாற்றித் தரும்படி முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

மாத முடிவில் வந்த கணக்குச் சீட்டில் ஒரு பிழை இருந்தது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் தூரமும் திரும்பும் தூரமும், காலைக்கும் மாலைக்குமாக நாளுக்கு நான்கு முறை எங்கள் கணக்கில் ஏற்றப்பட்டிருந்தன. தொடக்கத்தில் இதை எங்களுக்குச் சொல்லவில்லை. நான் நாள்தோறும் மீட்டர் எண்ணைக் குறித்து வைத்திருந்ததால் வித்தியாசத்தைக் காட்ட முடிந்தது. சற்றுத் தயங்கியபின் பாதியைக் குறைத்தார்கள், மீதியை நாங்கள் கொடுத்தோம். இது சரியான முறையன்று. எங்கே தொடங்கி எங்கே முடியும் கணக்கு என்பதைப் பேசும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டா முழுவதும் ஓட்டுநர் கைக்குப் போகிறதா என்பதையும் விசாரியுங்கள். எங்களுக்கு அது உறுதியாகாததால் கடைசி நாளில் அவரிடமே தனியாக ஒரு தொகையைக் கொடுத்தோம்.

இந்தக் குறைகளோடும் சேர்த்தே இச்சேவையை நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் நிறுவனத்தைவிட ஓட்டுநரைத் தேர்ந்துகொள்வதே முக்கியம் என்ற நிபந்தனையோடு. பேசும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஓட்டுநர் எந்த ஊர்க்காரர், நாளை இரண்டாகப் பிரித்துத் தருவார்களா. வண்டியின் வயதைப் பிறகு கேட்கலாம். நவகிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் திட்டத்தை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். எங்கள் ஓட்டுநரும் அப்படி ஓட்டியிருக்கிறார். அந்த நாட்களில் வண்டியை விட்டு இறங்கியவர்கள் வாய்க்காலையோ வயலையோ நின்று பார்த்ததே இல்லை என்றார்.

கடைசி வாரத்தில் பாபநாசம் அருகே அவர் தம் வயலைக் காட்டினார். சம்பா அறுப்புக்குச் சில நாட்கள் முன்னதாக, நிற்கும் பயிருக்கு நடுவிலேயே விதைத்த உளுந்து, அறுத்த தாளுக்கு இடையில் இரண்டிலை விட்டிருந்தது. இனித் தண்ணீர் தேவையில்லை, மண்ணிலிருக்கும் ஈரமும் பனியுமே போதும் என்றார். ஆறுகளில் தண்ணீர் ஓடும்போது ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னார். ஆடிப்பெருக்கை ஒட்டி நான்கு நாட்களுக்கு, அதே ஓட்டுநரோடு, கோடியக்கரைக்குப் போதாத அந்தச் சிறிய வண்டிக்குப் பதிலாகப் பெரிய வண்டியாகச் சொல்லி வைத்திருக்கிறோம். மீட்டர் எங்கிருந்து தொடங்கும் என்பதை இம்முறை எழுதியே வாங்கிவிட்டோம்.