குடத்துக்கு எது பொருந்தும்: பதிந்த தடமா, நேரடி மின்னொலியா?

வில்லுப்பாட்டின் வில்லையும் குடத்தையும் கொண்டு 12 நிமிட இசைப்படைப்பு ஒன்றை எழுதினேன். அதனோடு சேரும் மின்னணு ஒலியை முன்பே பதிந்துவைத்த தடமாக ஓடவிடுவதா, மைக் பிடிக்கும் ஒலியையே கணினி மேடையில் உடனுக்குடன் மாற்றித் தருமாறு அமைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. முதலில் பதிந்த தடத்தைத்தான் தேர்ந்தேன். இப்போது நேரடி முறைக்கு மாறிவிட்டேன்.

செலவிலும் சுமையிலும் ஒத்திகை நேரத்திலும் பதிந்த தடமே எளிது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இசையளவிலும் அதற்கு வலுவான முன்னோடிகள் உண்டு. பியானோவுக்கும் பதிந்த மின்னணு ஒலிக்குமாக மரியோ டேவிடோவ்ஸ்கி எழுதி 1971இல் புலிட்சர் பரிசு பெற்ற 'சிங்க்ரனிசம்ஸ் 6' தொடங்கும்போது, பியானோவின் ஒற்றைச் சுரம் தேயத் தேய அதே சுரத்தில் மின்னொலி பெருகி எழுகிறது. அடித்தவுடன் தேய்வதையே இயல்பாகக் கொண்ட பியானோ வளர்வதுபோல் கேட்கிறது. ஆனால் பியானோவின் சுருதி எந்த ஊர் மேடையிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால்தான் அந்தச் சேர்க்கை ஒவ்வொரு முறையும் கூடிவருகிறது.

குடத்துக்கு அந்த வசதி கிடையாது. அதன் வாயில் அறையும்போது எழும் கனத்த ஒலி, உள்ளே இருக்கும் காற்றின் அதிர்வாகும். வாயும் கழுத்தும் மாறாமல் கொள்ளளவு மட்டும் 12 விழுக்காடு கூடினாலே சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் இறங்கிவிடும். தக்கலையில் வாசிக்கப் போகும் வழியில் எங்கள் குடம் உடைந்தது. வடசேரியில் வாங்கிய மாற்றுக்குடம் கண்ணுக்கு அதே அளவாகத்தான் தெரிந்தது. தடத்தோடு சேர்த்து வாசித்தபோது இரண்டு அடிநாதங்களும் ஒன்றையொன்று உரசி விம்மின.

தடம் முழுவதையும் கணினியில் சற்று இறக்கினால் போதாதா என்று கேட்கலாம். இறக்கிப் பார்த்தோம். வாயின் ஒலியோடு அது சேர்ந்தது. ஆனால் குடத்தின் பக்கத்தில் காசால் தட்டும்போது எழும் கணீரென்ற ஒலியோடு சேரவில்லை. அது காற்றின் ஒலியன்று, ஓட்டின் ஒலி. ஓட்டின் தடிமனையும் சூளையில் வெந்த பக்குவத்தையும் பொறுத்து அமைவது. ஒரு குடத்திலிருந்து இன்னொன்றுக்கு இவ்விரு ஒலிகளும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்பதால், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது. என் முடிவை மாற்றியது இதுதான்.

நேரடி முறையில் கணினி முதல் அடியின் அதிர்வெண்ணை அளந்து, அதன் ஒன்றரை மடங்கில் ஓர் அலையை உண்டாக்கி, இரண்டு அலைகளையும் எண்களைப்போல ஒன்றோடொன்று பெருக்குகிறது. குடம் 90 ஹெர்ட்ஸில் ஒலித்தால் அலை 135. பெருக்கத்தில் பிறப்பவை அவற்றின் வேறுபாடான 45உம் கூட்டான 225உம். குடம் 80ஆக இறங்கினால் அவை 40, 200 என்று கூடவே இறங்குகின்றன. காசு தட்டும் ஒலியும் அதே மைக் வழியே போவதால், எழும் மின்னொலி அந்தக் குடத்துக்கே உரியதாக இருக்கிறது.

மென்பொருள் பழசாகிவிடும் என்ற குறை உண்மையானதே. ஆனால் 1970இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் இரண்டு பியானோக்களுக்கு எழுதிய 'மந்த்ரா'வுக்கு அன்றைய அனலாக் கருவிகள் செய்த அதே பெருக்கலை இன்று லேப்டாப் செய்துவிடுகிறது. கருவி போனாலும் கணக்கு தங்குகிறது. ஆகவே எந்த விகிதம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் இசைக்குறிப்பிலேயே சொற்களாக எழுதிவைத்திருக்கிறேன்.

எனினும் இதைச் சிறிய கூடங்களில் மட்டுமே வாசித்திருக்கிறோம். குடத்துக்குள் வைத்த மைக், ஸ்பீக்கர் ஒலியையும் வாங்கிக்கொண்டால் குடத்தின் சுருதியிலேயே ஊளையிடத் தொடங்கும். ஸ்பீக்கர்களைக் கலைஞருக்கு முன்னால் நன்றாகத் தள்ளிவைத்து இதுவரை சமாளித்தோம். அம்மன் கோயில் கொடைவிழாவின் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே அது போதுமா என்பதை அங்கே வாசித்த பிறகுதான் என்னால் சொல்ல முடியும்.