தூசிக் குழாய்க்கு எர்த்: பிவிசியில் செம்புக் கம்பியா, ஜிஐ தகட்டுக் குழாயா?

வீட்டின் பின்கட்டில் இருக்கும் என் தச்சுப் பட்டறையில், மரத்தூள் உறிஞ்சும் இயந்திரத்துக்கு முதலில் 110 மி.மீ. பிவிசி குழாயைப் பொருத்தி, எர்த்துக்காக அதில் செம்புக் கம்பியும் ஓட்டி, ஒன்றரை ஆண்டுக்குப் பின் அதைக் கழற்றிவிட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக் குழாய்க்கு மாறினேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பிவிசி விலை குறைவு, எடையும் குறைவு, அறுத்துப் பொருத்துவது எளிது. இவற்றில் தகட்டுக் குழாய் அதற்கு ஈடாகாது.

உலர்ந்த தூள் குழாய்ச் சுவரில் உராய்வதால் நிலைமின்னூட்டம் உண்டாவது இரண்டுக்கும் பொது. எர்த் செய்த உலோகத்தில் அது உடனே வடிந்துவிடும். பிவிசி மின்கடத்தாப் பொருள் என்பதால் மின்னூட்டம் சேர்ந்த இடத்திலேயே தங்கும். மேலே சுற்றிய செம்புக் கம்பி தன்னை ஒட்டிய பகுதியை மட்டுமே தணிக்கும். கம்பி சுற்றியபின் குழாயில் கைபட்டால் சுருக்கென்று அடிப்பது குறைந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

என்னை மாறவைத்தது பராமரிப்புதான். குழாய்க்குள் ஓட்டிய கம்பியில் இழைப்புச் சுருள்கள் சிக்கி அடைத்துக்கொண்டன. ஒருமுறை வளைவுக்குள் கம்பி அறுந்து, எத்தனை வாரம் அப்படியே கிடந்ததோ தெரியாது. வெளியே சுற்றினால், அடைப்பெடுக்கக் குழாயைப் பிரிக்கும்போதெல்லாம் கம்பியையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்ற வேண்டும். மூன்றாம் முறை யாருக்கும் சலித்துப்போகும். தகட்டுக் குழாயில் ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று திருகாணிகள் போதும். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் குழாயின் கடைசியிலும் மறுமுனையை இயந்திரத்தின் எர்த்திலும் வைத்தால், தொடர்ச்சி இருக்கிறதா என்பது நொடியில் தெரிந்துவிடும். 10 ஓமுக்குள் காட்டினால் நான் கவலைப்படுவதில்லை. பிவிசியில் கம்பியைச் சோதிக்கலாம், குழாயைச் சோதிக்க வழியில்லை.

தகட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. இடையில் ரப்பர் இணைப்போ சிலிக்கான் பூச்சோ வந்து ஒரு துண்டு தனித்துவிட்டால், அது மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் பொறியாகக் கக்கும். பிவிசிக் குழாய்களுக்கிடையே, காற்றோட்டத்தைத் திறந்து மூட மாட்டிய அலுமினியக் கதவும் அப்படித்தான். அத்தகைய இடங்களில் துண்டுக் கம்பியால் பாலம் போட்டிருக்கிறேன். ஹோஸுக்குள் இருக்கும் எஃகுச் சுருளையும் இரு முனைகளிலும் உரித்து, ஒன்றை இயந்திரச் சட்டத்திலும் மற்றதைக் குழாயிலும் முடுக்கியிருக்கிறேன்.

வெடிப்பு அச்சத்தைப் பொறுத்தவரை, மரத்தூள் வெடிக்கக் காற்றில் ஏறத்தாழ ஒரு கன மீட்டருக்கு 40 கிராம் அல்லது அதற்கு மேல் பரவியிருக்க வேண்டும் என்பதால், சிறு பட்டறைக் குழாயில் அது நேர்வது அரிது என்றே கருதுகிறேன். ஆனால் நான் அறுப்பது பெரும்பாலும் தேக்கும் வேம்பும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை நாள் முழுதும் உப்புத்தாளால் தேய்ப்பவர்களுக்கு என் அனுபவம் போதாது.

எந்தக் குழாயானாலும், பிளக் செருகும் மூன்று துளைச் சாக்கெட்டில் எர்த் கம்பி உண்மையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். என் பட்டறையில் அது வெறும் துளையாகத்தான் இருந்தது.