யுஎஸ்பி அனுமதி: கெர்னல் பூட்டு மட்டும் போதுமா, யுஎஸ்பிகார்டு வேண்டுமா?

மதுரை பெரியார் நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ், டிடிபி கடைகளில் பென்டிரைவை வாங்க மாட்டோம் என்றால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூலை (பென்டிரைவைப் படிக்கவைக்கும் டிரைவரை) முடக்கிவைப்பது இங்கே ஆகாத காரியம். முடக்கினாலும், பென்டிரைவ் உருவில் வந்து கீபோர்டாகத் தட்டும் சாதனத்தை அது தடுக்காது. 2014 பிளாக் ஹேட் மாநாட்டில் காட்டிய பேட்யுஎஸ்பி அந்த ரகம். லினக்ஸ் ஓடும் கடைக்கு மீதி இரண்டு வழிதான்.

முதல் வழி லினக்ஸின் உள்மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம், /sys) ஒவ்வொரு யுஎஸ்பி கன்ட்ரோலருக்கும் உள்ள ஆதரைஸ்டு_டிஃபால்ட் கோப்பில் 0 எழுதினால், அதன் பிறகு செருகும் எதுவும் இயங்காது. அந்தச் சாதனத்தின் ஆதரைஸ்டு கோப்பில் 1 எழுதினால்தான் இயங்கும். நிறுவ ஒன்றுமில்லை. ஆனால் ரீபூட் செய்தால் அமைப்பு போய்விடும். நிலைத்திருக்கட்டும் என்று பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு வரியில்) அதே அமைப்புக்கு 0 போட்டால் யுஎஸ்பி கீபோர்டும் சேர்ந்து செத்துவிடும். 2 போட்டால் உள்ளே பொருத்தியவை மட்டும் இயங்கும். லேப்டாப்புக்கு அது சரி, ஆனால் எது 'உள்ளே' என்பதை பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) சொல்வதை வைத்தே கெர்னல் முடிவு செய்வதால், பழைய மதர்போர்டில் அதை நம்ப மாட்டேன்.

இரண்டாவது வழி யுஎஸ்பிகார்டு, எந்தச் சாதனத்தை விடலாம் என்று விதி எழுதிவைக்கும் லினக்ஸ் மென்பொருள். என் ஓட்டு அதற்குத்தான். அடியில் அதுவும் அதே ஆதரைஸ்டு கோப்பைத்தான் தொடுகிறது, ஆனால் விதிப்படி. சாதனம் தன்னை என்ன வகை என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் எண்ணில் 08 (ஸ்டோரேஜ்) மட்டும் காட்டினால் விடு, கூடவே 03 (கீபோர்டு, மவுஸ்) காட்டினால் தள்ளு என்று எழுதலாம். விதியில் சிக்காதது தானாகத் தடைபடும். போன் எம்டிபியில் (கோப்பு பரிமாறும் முறையில்) வந்தால் பெரும்பாலும் 06 என்று காட்டும், அதற்குத் தனி விதி வேண்டும்.

தலைவலி பராமரிப்பில்தான். செருகியிருக்கும் சாதனங்களைப் பார்த்து விதிகளை எழுதித்தரும் ஜெனரேட்-பாலிசி கட்டளை, சீரியல் எண் இல்லாத சாதனத்தை அது செருகியிருக்கும் போர்ட்டோடு சேர்த்தே எழுதிவிடும். கடைக் கீபோர்டு, மவுஸ் பெரும்பாலானவற்றுக்கு சீரியல் கிடையாது. மேசையைத் துடைத்த பையன் கீபோர்டை வேறு போர்ட்டில் மாட்டினால் போச்சு, திரையில் கர்சர் நிற்கும், எழுத்து விழாது. அந்தக் கட்டளையோடு பெரிய எழுத்து பி (-P) ஆப்ஷன் சேர்த்தால் போர்ட் கட்டு வராது. பதிலுக்கு அதே மாடல் கீபோர்டு வேறொன்று வந்தாலும் உள்ளே போகும். கடைக்கு அது பரவாயில்லை.

விதிக்கோப்பு தயாராகும் முன் யுஎஸ்பிகார்டு சேவையைத் தொடங்கிவிடாதீர்கள், அந்த நொடியே கீபோர்டு போய்விடும். நிறுவியதுமே தானாக ஓடத் தொடங்கும் டிஸ்ட்ரோவும் உண்டு. எஸ்எஸ்ஹெச் வழியோ (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க்கில் நுழைவது) யுஎஸ்பி அல்லாத பழைய பிஎஸ்/2 கீபோர்டோ கைவசம் இருக்கட்டும். விதிக்கோப்பின் அனுமதி 0600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக இருக்க வேண்டும்.

இரண்டு வழியும் டேட்டாவைத்தான் மறிக்கும், கரன்டை அல்ல. தடுத்த போனும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.