பருமனான குழந்தைகளுக்கான லேப் பேக்கேஜ்: எது உதவும், எது வீண்

எடை கூடிய குழந்தைகளுக்கென்று ஆய்வகங்கள் விற்கும் பரிசோதனைப் பேக்கேஜ்கள் பெயரில்தான் வேறுபடுகின்றன, உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றே. ஃபாஸ்டிங் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (சுமார் 3 மாதச் சராசரிச் சர்க்கரை), கொலஸ்ட்ரால், கல்லீரல் என்சைம்கள், தைராய்டு, ஃபாஸ்டிங் இன்சுலின், யூரிக் ஆசிட், வைட்டமின் டி, சிலவற்றில் கூடவே ஒரு வயிற்று ஸ்கேன். 5-க்கு 2.5 மதிப்பெண் தரலாம், அதுவும் முதல் நான்குக்காக. பருமனால் வரும் சிக்கல்களில் பல இரத்தத்தில் தெரிவதே இல்லை. அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அந்த நான்கில் முதலில் பார்க்க வேண்டியது கல்லீரல் என்சைம்களில் ஒன்றான எஸ்.ஜி.பி.டி. (ஏ.எல்.டி. என்றும் அச்சாகும்). ரிப்போர்ட்டில் அச்சாகும் மேல் எல்லை பெரும்பாலும் 40-ஐ ஒட்டி இருக்கும். குழந்தைகளில் கொழுப்புக் கல்லீரலைத் தேடும்போது நிபுணர்கள் வைத்துக்கொள்ளும் எல்லை சிறுமிகளுக்கு 22, சிறுவர்களுக்கு 26. ஆகவே 38 வந்த ஒரு சிறுமியின் ரிப்போர்ட்டில் அம்புக்குறியும் இருக்காது, தடித்த எழுத்தும் இருக்காது. 'நார்மல்' என்று மடித்து வைத்துவிடுவார்கள். எண் இந்த எல்லையைப் போல இரு மடங்காகி 3 மாதத்துக்கு மேலும் இறங்காவிட்டால், கொழுப்பு மட்டும்தானா, அல்லது வைரஸ் ஹெபடைடிஸ், வில்சன் நோய் (கல்லீரலில் தாமிரம் சேரும் பரம்பரை நோய்) போன்ற வேறு காரணம் உண்டா என்று தேட வேண்டும். 80-ஐத் தாண்டினால் அந்த 3 மாதமும் காத்திருக்க வேண்டாம். கொழுப்புக் கல்லீரல் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராமலே இருக்கும். சில குழந்தைகளில் அழற்சியாகித் தழும்பு விழும். கடுமையாக விளையாடிய மறுநாள் இரத்தம் எடுத்தாலும் எண் ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இதற்காக ஸ்கேனை நம்ப வேண்டாம். கொழுப்பு கொஞ்சமாக இருக்கும் நிலையை அது தவறவிடும், தழும்பின் அளவையும் காட்டாது. ஸ்கேன் நிஜமாகப் பயன்படும் இடம் வேறு: வலது மேல்வயிற்றில் விட்டுவிட்டு வலி, வாந்தி என்றால் பித்தப்பைக் கல்லைப் பார்க்க. அதிவேகமாக எடை குறைக்கும் குழந்தைக்கும் இந்தக் கல் வரலாம்.

சர்க்கரையில் எல்லைகள் பெரியவர்களுக்கு உள்ளவையே. ஃபாஸ்டிங் 100 முதல் 125 வரை முன்நீரிழிவு, 126 முதல் நீரிழிவு, எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5 முதல் நீரிழிவு. அறிகுறி இல்லாத குழந்தைக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது, இன்னொரு முறை உறுதிசெய்ய வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி. உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். எனவே சி.பி.சி. (இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) சேராத பேக்கேஜை அரைகுறை என்றே சொல்வேன். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். தேய்த்தால் தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

கொலஸ்ட்ராலில் எல்.டி.எல். (கெட்டது) 130-க்கு மேல், எச்.டி.எல். (நல்லது) 40-க்குக் கீழ், 10 வயதுக்கு மேல் ட்ரைகிளிசரைடு 130-க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். இங்கும் பெரியவர்களுக்கான எல்லைகளையே அச்சடிக்கும் லேப்கள் உண்டு.

மீதி பெரும்பாலும் பட்டியலை நீளமாக்க வந்தவை. ஃபாஸ்டிங் இன்சுலின் லேபுக்கு லேப் மாறும், சிகிச்சையை மாற்றாது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். லேசாக ஏறியிருப்பது பெரும்பாலும் பருமனின் விளைவு, காரணம் அல்ல. எடை இறங்கினால் அதுவும் இறங்கும். இதைப் பார்த்துத் தைராய்டு மாத்திரை தொடங்குவது தேவையற்ற வேலை. உணவால் பருத்த குழந்தை பொதுவாக வயதுக்கு உயரமாகவே இருக்கும். உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறுகிறதென்றால்தான் ஹார்மோன் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

இனி பேக்கேஜில் இல்லாதவை. 3 வயதிலிருந்தே ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டிய பி.பி. இதில் கிடையாது. எடுத்தாலும் தவறு நேர்வது கையில் சுற்றும் பட்டையில்தான்: உள்ளே இருக்கும் காற்றுப்பையின் அகலம் கைச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம், நீளம் 80 முதல் 100 சதவீதம் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் 'சிறுவர் பட்டை'யைக் கட்டினால் பி.பி. பொய்யாக ஏறும். பல பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பட்டையே தேவைப்படும். 13 வயதுக்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். 13 முதல் 130/80 என்ற எல்லை போதும். வெவ்வேறு நாட்களில் 3 முறை உயர்ந்தால்தான் அது உயர் இரத்த அழுத்தம்.

இவற்றில் அவசரமானது இடுப்பு. பருத்த பிள்ளை, வளரும் வயது, தொடையிலோ முழங்காலிலோ வலி, நொண்டல், பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்பது: இது தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில் சறுக்கும் நோயாக இருக்கலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவதுதான் வழக்கமான பிழை. இரு இடுப்புக்கும் எக்ஸ்ரே வேண்டும், தவளைக்கால் நிலையிலும் (முழங்காலை மடக்கி வெளியே விரித்து) ஒன்று. சந்தேகம் வந்த நிமிடமே அந்தக் காலை ஊன்ற விடக் கூடாது. இன்னும் சறுக்கினால் எலும்புத் தலைக்கு இரத்தம் போவதே நின்றுவிடலாம்.

வாரத்தில் 3 இரவோ அதற்கு மேலோ குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, வகுப்பில் தூக்கம்: இவற்றுக்கு இரவுத் தூக்க ஆய்வுதான் வழி, இரத்தம் அல்ல. தலைவலியோடு பார்வை சில நொடி மங்கினாலோ, காதில் நாடித்துடிப்பு கேட்டாலோ அன்றே கண் நரம்பைப் பார்க்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம், பார்வையே போகலாம். பருவமடைந்து சில ஆண்டுகளாகியும் மாதவிடாய் சீராகாத சிறுமிக்குப் பி.சி.ஓ.எஸ். (சினைப்பையின் ஹார்மோன் கோளாறு) பற்றிக் கேட்க வேண்டும்.

வாங்குவதானால் முழுப் பேக்கேஜ் வேண்டாம். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை அளவு) அதே வயது, பாலினக் குழந்தைகளில் 95-ஆம் பெர்சென்டைலைத் தொட்ட, 10 வயது நிரம்பிய குழந்தைக்குச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., கொலஸ்ட்ரால், எஸ்.ஜி.பி.டி., சி.பி.சி. என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். ரிப்போர்ட் வந்ததும் எஸ்.ஜி.பி.டி.க்கு அச்சிட்ட எல்லைக்குப் பக்கத்தில் 22 அல்லது 26 என்று பேனாவால் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.