ராஜா காசு வாங்கப் போகிறவர்கள் முதலில் தாடியைப் பாருங்கள்

வெள்ளி விலை ஏற ஏற நம் பக்கம் ராஜா காசு வியாபாரமும் சூடு பிடித்துவிட்டது. தொண்டியில் தொடங்கி மண்டபம் வரைக்கும், பிரிட்டிஷ் காலத்து ராஜா, ராணி தலை போட்ட பழைய வெள்ளி ரூபாயைக் கைமாற்றி விடுகிற ஆள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். கொலுசாக, தட்டாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று போகும்; காசாக வாங்கினால் அதெல்லாம் இல்லை என்பது உண்மைதான். நானும் அதற்காகத்தான் 40 காசு வாங்கினேன்.

விற்றவர் பழைய நகை, பாத்திரம் எடுத்து விற்கிறவர். 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெட்டியில் இருந்த காசு என்றார். (இதே பெட்டிக் கதையை அப்புறம் வேறு ஆட்களிடமும் கேட்டேன். ஊரே போன புயலில் இத்தனை பெட்டிகள் தப்பியது ஆச்சரியம்தான்.) பத்துப் பத்தாகக் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்தார். ஒரு சுருளைப் பிரித்து மேல் காசையும் அடிக் காசையும் என் கையில் வைத்தார். இரண்டும் ஐந்தாம் ஜார்ஜ், 1918. காந்தத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு சுருள் மேலும் உருட்டிக் காட்டினார், ஒட்டவில்லை. "ஒரு காசு ஒரு தோலா, 11.66 கிராம். அதுல சுத்த வெள்ளி 10.69. இன்னைக்குக் கிராம் விலையால பெருக்கிக்கோங்க தம்பி, கூலி கீலி எதுவும் கிடையாது" என்றார்.

1918 காசுக்கு அந்தக் கணக்கு சரி. பன்னிரண்டில் பதினோரு பங்கு, அதாவது 91.7 சதவீதம் வெள்ளி. அப்படிப் பார்த்தால் 40 காசுக்கு 427 கிராம் வெள்ளி. அதற்குத்தான் பணம் கொடுத்தேன்.

ராமநாதபுரத்தில் தெரிந்த நகைக்கடையில் கேரட் மீட்டரில், அதாவது வெள்ளி எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவியில் வைத்தோம். முதல் காசு 91 சொச்சம். அடுத்தது 50-க்குக் கொஞ்சம் கீழே. அதற்கடுத்ததும் அப்படியே. நான்கு சுருளிலும் மேலே ஒன்று, அடியில் ஒன்று மட்டும்தான் நல்ல காசு. நடுவில் இருந்த எட்டெட்டும் 1943, 1944, 1945. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெள்ளித் தட்டுப்பாட்டில், 1940 முதல் ரூபாய்க் காசில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மீதியில் 40 பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. எடை மட்டும் அதே 11.66 கிராம்தான். அதனால் தராசில் போட்டால் ஒன்றும் தெரியாது. காந்தமும் காட்டிக்கொடுக்காது. ராஜா ரூபாயில் காந்தம் பிடிப்பது புலி போட்ட 1947 காசைத்தான், அது முழு நிக்கல்.

போதாததற்குத் தேய்மானம். புதுக் காசாக இருந்தால் 40-க்கும் சேர்த்து 466 கிராம் வர வேண்டும். கடைத் தராசில் 456-தான் வந்தது. கூட்டிக் கழித்தால் கையில் இருக்கும் வெள்ளி ஏறக்குறைய 266 கிராம். 160 கிராமுக்குக் காற்றை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு அவர் அசரவே இல்லை. "வெள்ளி ரூபாய்னுதானே தம்பி சொன்னேன், இது வெள்ளி இல்லையா? சீட்டைப் பாருங்க" என்றார். சீட்டில் 'ராஜா காசு 40' என்று மட்டும் இருக்கிறது. வருடமும் இல்லை, தரமும் இல்லை. "அண்ணே, 10.69 கணக்கு நீங்க சொன்னதுதானே" என்றேன். அது நல்ல காசுக்குச் சொன்னதாம்.

ஆகவே வாங்குகிறவர்கள் சுருளாக வாங்கவே வாங்காதீர்கள். எல்லாவற்றையும் மேசையில் கொட்டித் திருப்பிப் போடச் சொல்லுங்கள், வருடம் தலைப் பக்கம் இருக்காது, பின்பக்கம்தான் இருக்கும். வருட எழுத்தைப் படிக்கக் கண் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தாடி வைத்த ராஜா என்றாலும் விக்டோரியா ராணி என்றாலும் 91.7. மழமழவென்று மழித்த முகம் ஆறாம் ஜார்ஜ். அவர் ரூபாயில் 1938, 1939 மட்டும்தான் நல்ல வெள்ளி, அதிலும் 1939 கண்ணில் படுவதே அபூர்வம். அப்புறம் விளிம்பைப் பாருங்கள். பழைய காசில் பல் வரி நேராக ஓடும், பாதி வெள்ளிக் காசில் பெரும்பாலும் அந்த வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். தேய்ந்த இடத்தில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தாலும் சந்தேகப்படலாம். எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காமல் எடைக்குக் கொடுங்கள், சீட்டில் வருடத்தை எழுதி வாங்குங்கள்.

நம் கரையில் இலங்கைக் காசும் இந்தச் சந்தைக்கு வருகிறது. ஐம்பது சதக் காசில் 1917 வரை 80 சதவீதம், 1919-லிருந்து 55. 'சிலோன் வெள்ளி' என்று ஒரே விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

கடைப் பெயரை இங்கே போடவில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை. 32 காசையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் பாதி வெள்ளி விலைக்கு. விற்கும்போது முழு வெள்ளி, வாங்கும்போது பாதி வெள்ளி. பக்கத்தில் இருப்பவர்கள் தனியாகக் கேட்டால் எந்த ஊர் என்று மட்டும் சொல்கிறேன்.